டொரோண்டோவில் வெடித்த குழாயும் மன்னார்குடியில் பிளந்த குழாயும்

மன்னார்குடி பக்கம் கிராமத்தில் வீடு. மார்கழி, தை இரண்டு மாதமும் டொரோண்டோவில் மகள் வீட்டில் இருந்திருக்கிறீர்கள். அங்கே ஓர் இரவு சமையலறைக் குழாய் உறைந்து, மறுநாள் வெடித்துத் தரையெல்லாம் தண்ணீர். ஊர் திரும்பிப் பூட்டைத் திறந்தால் இங்கேயும் மாடிக் குழாய் பிளந்து, தொட்டி காலியாகி, பின்கட்டுச் சுவர் ஊறிக் கிடந்திருக்கிறது. "அங்கே குளிர் என்றார்கள், சரி. இங்கேயும் குளிர்தான் காரணமா? இனி வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதென்றால் என்ன செய்துவிட்டுப் போக வேண்டும்? மாடிக் குழாய் முழுவதையும் மாற்றச் சொல்கிறார் பிளம்பர், மாற்றத்தான் வேண்டுமா?" இதுதான் நீங்கள் கேட்டது, அம்மா.

நான் மயிலாடுதுறை, கும்பகோணம், திருவாரூர் வட்டாரத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் குழாய் வேலை பார்க்கிறேன். நடுவில் ஐந்து குளிர்காலம் கனடாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு வேலை. அதனால் இரண்டு ஊர்ப் பிளவையும் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் வேறு. ஆனால் இரண்டு வீட்டிலும் நஷ்டம் பெரிதானதற்குக் காரணம் ஒன்றுதான்: தண்ணீரை எங்கே மூடுவது என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது, அல்லது மூட யாரும் வீட்டில் இருந்திருக்க மாட்டார்கள். வீட்டைப் பூட்டும்போது தண்ணீரையும் பூட்ட வேண்டும். நான் சொல்லப்போவது எல்லாமே இதைச் சுற்றித்தான் வரும்.

முதலில் ஒரு வேண்டுகோள். பிளந்த துண்டை வெட்டி எடுத்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எதனால் பிளந்தது என்பதை அந்தத் துண்டே சொல்லும். உறைந்து வெடித்த செப்புக் குழாயைப் பார்த்தால், பிளந்த இடம் வயிறு மாதிரி உப்பி, நடுவில் மீன் வாய் திறந்ததுபோல விரிந்திருக்கும். உள்ளிருந்து தள்ளியது என்பதற்கு அதுதான் அடையாளம். நம் மாடியில் பிளந்த பிவிசி அப்படி இருக்காது. உப்பல் கிடையாது. எல்போவின் (குழாய் திரும்புகிற முழங்கை இணைப்பு) ஓரத்திலோ கிளாம்ப் பிடித்த இடத்திலோ, நூல் பிடித்த மாதிரி மெல்லிய கோடு. மேல்பக்கம், அதாவது வெயில் பட்ட பக்கம், பழுப்பேறி, விரலால் தேய்த்தால் சுண்ணாம்புப் பொடி மாதிரி ஒட்டும். அடிப்பக்கம் புதிதுபோல வெள்ளையாக இருக்கும். கொஞ்சம் வளைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். மோட்டார் குழாய் வெடித்தால் ஒரு சாண், ஒரு முழம் என்று நீளவாக்கில் கிழிந்து, சில்லு தெறித்திருக்கும். எலி கடித்ததாக இருந்தால் இரண்டிரண்டாகப் பல் வரி தெரியும். தை அறுவடை முடிந்து வயலைவிட்டு எலிகள் வீட்டுப் பக்கம் வரும் நாட்களில் இதுவும் நடக்கும். உங்கள் துண்டை எடுத்துப் பாருங்கள். மாடிக் குழாய் என்கிறீர்கள், தொட்டியிலிருந்து குளியலறைக்கு இறங்குகிற வழி என்கிறீர்கள். அநேகமாக அந்த நூல் கோடுதான் இருக்கும்.

சரி, டொரோண்டோ கதையை முதலில் முடித்துவிடுகிறேன், மகளுக்கு உடனே உதவும்.

தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீரோ 4 டிகிரிக்குக் கீழே போனால் விரிய ஆரம்பித்துவிடும். ஆனால் பனிக்கட்டி குழாய்ச் சுவரை நேராக நெட்டித் தள்ளி உடைக்கிறது என்று நினைத்தால் பாதிதான் சரி. குழாயின் நடுவில் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைப்பு உண்டாகிறது. அது வளர வளர, அடைப்புக்கும் மூடிய குழாய் வாய்க்கும் நடுவில் சிக்கிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், அந்தத் துண்டில் எங்கே பலவீனமோ அங்கே வெடிக்கிறது. அதனால்தான் உறைந்த இடம் ஒன்று, வெடித்த இடம் ஒன்றாக இருக்கும். அதனால்தான் கடுங்குளிர் இரவில் குழாயை மூடாமல், நூல் மாதிரி சொட்டவிட்டு வைக்கச் சொல்கிறார்கள். ஓடுகிற தண்ணீர் உறையத் தாமதமாகும் என்பது ஒரு பக்கம். சிக்கிய தண்ணீருக்கு வழி இருக்கிறது என்பதுதான் முக்கியம். சுடுதண்ணீர்க் குழாய், பச்சைத்தண்ணீர்க் குழாய் இரண்டையும் சொட்டவிட வேண்டும். சுடுதண்ணீர்க் குழாயும் ஓடாமல் நின்றால் ஆறிப்போய் உறையும்.

வெளியே 0 டிகிரி ஆனதும் குழாய் உறைந்துவிடாது. மூடாக்கு இல்லாத குழாய்களுக்கு மைனஸ் 6, 7 டிகிரியிலிருந்து ஆபத்து தொடங்குகிறது என்று அங்கே கணக்கு. உங்கள் மகள் வீட்டில் சமையலறை சிங்க் வெளிச்சுவரை ஒட்டி இருக்கும், அடியில் மரக் கதவு போட்ட அலமாரி இருக்கும், சரிதானே? அந்தக் கதவு மூடியிருந்தால் வீட்டுக்குள் இருக்கிற சூடு குழாய்க்குப் போய்ச் சேராது. குளிர் கடுமையான இரவுகளில் அந்தக் கதவைத் திறந்து வைத்தாலே பாதி ஆபத்து போய்விடும். குழாய்க்கு நுரை உறை மாட்டலாம், சுவரில் காற்று நுழைகிற சந்துகளை அடைக்கலாம். ஊருக்குப் போனாலும் ஹீட்டரை அணைக்கக் கூடாது, வீட்டுக்குள் 13 டிகிரியாவது இருக்க வேண்டும். வெளித்தோட்டக் குழாயில் மாட்டிய ஓஸை இலையுதிர் காலத்திலேயே கழற்றிவிட்டு, உள்பக்க வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து வடித்துவிட வேண்டும்.

குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை அல்லது இழையாக வருகிறது என்றால் உறைந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் வெடிக்காமல் இருக்கலாம், அல்லது வெடித்தும் பனிக்கட்டியே அடைத்துக்கொண்டு நிற்கலாம். உருகும்போதுதான் வெள்ளம் வரும். உங்களுக்கு இரவு உறைந்து மறுநாள் தண்ணீர் கொட்டியதற்குக் காரணம் இதுதான். அதனால் முதலில் மெயின் வால்வு எங்கே என்று பார்த்து, கை வைக்கத் தயாராக இருக்க வேண்டும். பிறகு குழாய் வாயைத் திறந்துவிட்டு, வாய்ப்பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி மெதுவாகச் சூடு காட்ட வேண்டும். தலைமுடி உலர்த்தும் டிரையர் போதும், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைச் சுற்றினாலும் போதும். தரை ஈரமாக இருந்தால் டிரையரைத் தொடவே வேண்டாம், துண்டுதான். நெருப்பு மட்டும் காட்டவே கூடாது. கேஸ் டார்ச்சால் குழாய்க்குச் சூடு காட்டி, சுவருக்குள் இருந்த மரச்சட்டம் புகைந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அங்கே வீடுகள் பெரும்பாலும் மரச்சட்ட வீடுகள்.

இன்னொன்றும் அங்கே உண்டு. தெருக் குழாய், சாதாரணமாக சதுர சென்டிமீட்டருக்கு 3 முதல் 5 கிலோ அழுத்தத்தில், நேராக வீட்டுக்குள் வருகிறது. வெடித்தால் நிற்கவே நிற்காது. நம் ஊரில் 1000 லிட்டர் தொட்டி காலியானதும் நின்றுவிடும். அங்கே யாராவது வந்து மூடும்வரை ஓடும். பல காப்பீட்டுப் பாலிசிகளில், குளிர்காலத்தில் வெளியூர் போனால் யாராவது வந்து வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை மூடிக் குழாயை வடித்துவிட வேண்டும் என்று நிபந்தனையே போட்டிருப்பார்கள். பாலிசியை ஒருமுறை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இனி நம் ஊர்.

டெல்டாவில் மார்கழி விடிகாலையில் எவ்வளவு பனி கொட்டினாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தமிழ்நாட்டில் தண்ணீர் உறைகிற குளிர் வேண்டுமென்றால் உதகைப் பக்கம் தலைக்குந்தா, அவலாஞ்சி மாதிரி மலைப் பகுதிக்குத்தான் போக வேண்டும். ஆகவே உங்கள் மாடிக் குழாய் உறைந்து வெடிக்க வழியே இல்லை. அழுத்தத்தாலும் வெடித்திருக்காது. கணக்கு எளிது: 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கொடுக்கும். உங்கள் தொட்டி தரைத்தளக் குழாய்க்கு மேலே 5 மீட்டர் இருந்தால் அரைக் கிலோ. சாதாரண பிளம்பிங் குழாய் தாங்கும் அழுத்தம் அதைப்போலப் பல மடங்கு. அப்படியிருக்க ஏன் பிளந்தது?

வெயில்தான் காரணம். சித்திரை, வைகாசியில் தஞ்சாவூர்ப் பக்கம் காற்றே 38, 40 டிகிரி. மொட்டை மாடித் தரை வெறுங்காலை வைக்க முடியாமல் கொதிக்கும். அதன்மேல் கிடக்கும் குழாய் 50 டிகிரியைத் தொடும். பிவிசி, மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவில் நீளும், சுருங்கும். 10 மீட்டர் குழாய் வைகாசி மதியத்துக்கும் மார்கழி விடிகாலைக்கும் நடுவில் 30 டிகிரி வித்தியாசம் பார்த்தால் 2 சென்டிமீட்டர் சுருங்குகிறது. அந்தக் குழாயின் ஒரு முனை தொட்டியில் மாட்டியிருக்கிறது, மறுமுனையைக் கொத்தனார் சிமென்ட் வைத்துச் சுவரில் பூசிவிட்டார். நடுவில் கிளாம்பை இறுக்கி ஆணி அடித்தாயிற்று. சுருங்குகிற குழாய் எங்கே போகும்? எல்போவைப் பிடித்து இழுக்கும். புதுக் குழாயாக இருந்தால் வளைந்து கொடுத்துவிடும். ஏழெட்டு வருடம் வெயிலில் காய்ந்து மொறுமொறுத்துப் போன குழாய் கொடுக்காது. ஐப்பசி கார்த்திகை அடைமழை முடிந்து, மார்கழியில் ஒரு நல்ல பனி இரவில், சத்தமே இல்லாமல் கோடு விடும். எனக்கு மார்கழி, தை மாதங்களில் மாடிக் குழாய் வேலை அதிகம் வருவது இதனால்தான். வெயில் ஆக்கி வைத்த பலவீனத்தைக் குளிர் வெளியே கொண்டுவருகிறது.

அதனால் தடுப்பு வேலையை வெயிலிலிருந்து தொடங்க வேண்டும். குழாய்க்கு வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். தண்ணீரில் கலக்கிற பெயின்டாக இருக்க வேண்டும். டர்பன்டைன் கலக்கிற எண்ணெய் பெயின்ட் பிளாஸ்டிக் குழாய்க்கு ஆகாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். கிளாம்ப் குழாயைப் பிடிக்கலாம், நெரிக்கக் கூடாது. உள்ளே குழாய் நகர இடம் இருக்க வேண்டும். நீண்ட ஓட்டமாக இருந்தால் நடுவில் 'ப' வடிவத்தில் ஒரு வளைவு கொடுத்தால் நீளலும் சுருங்கலும் அந்த வளைவில் அடங்கிவிடும். சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சுற்று பெரிய குழாய்த் துண்டை உறையாக வைத்து, அதற்குள் இதை விட்டால் சிமென்ட் குழாயைப் பிடிக்காது. அந்தத் துண்டுக்கு ஆகிற செலவு பெரிய காசே இல்லை. யாரும் வைப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

தரைக்கு அடியில் போகும் குழாய்க்கு வேறு வகை வம்பு. நம் பழைய டெல்டாவில் பெரும்பாலும் களிமண். பங்குனி, சித்திரையில் வயலில் கால் நுழைகிற அளவு வெடிப்பு விடுகிற அதே மண்தான் உங்கள் வீட்டுத் திண்ணைக்கு அடியிலும் இருக்கிறது. கோடையில் சுருங்கி, ஐப்பசியில் ஊறி உப்பும். அதோடு சேர்ந்து குழாயும் மேலே கீழே நகரும்; வீட்டுச் சுவர் நகராது. ஆகவே சுவரைத் தாண்டி வெளியே வருகிற முதல் எல்போவில்தான் உடையும். குழாயைச் சுற்றி ஓர் அரையடி ஆற்றுமணல் போட்டுப் புதைத்தால் களிமண் பிடி குழாய்க்கு நேராகப் போய்ச் சேராது. ஆழம் இரண்டடியாவது வேண்டும். வாசல் வழியாக டிராக்டரோ அறுவடை மிஷினோ போகிற வீடாக இருந்தால், வண்டி தாண்டுகிற இடத்தில் மட்டும் இரும்புக் குழாயை உறையாகப் போட்டுவிடுங்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண் பகுதிகளில் இந்த மண் தொல்லை குறைவு. நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் உப்புக்காற்று. அங்கே இரும்புக் குழாயின் மரை அரித்துப் போவதுதான் முதல் எதிரி.

உண்மையிலேயே அழுத்தத்தால் வெடிக்கிற குழாய் நம் ஊரில் ஒன்று உண்டு. அது மோட்டார் குழாய். ஆழ்துளைக் கிணற்றில் சப்மெர்சிபிள் போட்டிருப்பீர்கள். அதன் பெயர்ப் பலகையில் 'ஹெட்' என்று மீட்டர் கணக்கு போட்டிருக்கும். அதிகபட்ச ஹெட் 60 மீட்டர் என்றால், மேலே வால்வை மூடிவிட்டு மோட்டாரைப் போட்டால் குழாயில் 6 கிலோ வரை ஏறும் என்று அர்த்தம். தோட்டத்துக்கு ஒரு வால்வு, தொட்டிக்கு ஒரு வால்வு என்று இருக்கிற வீட்டில் இரண்டையும் மூடிவிட்டு மறந்துபோய் மோட்டாரைப் போடுவது அடிக்கடி நடக்கிறது. அதைவிடப் பெரிய அடி, கரண்ட் போகும்போது விழுகிறது. ஏறிக்கொண்டிருக்கும் தண்ணீர் சட்டென்று நின்று, திரும்பி இறங்கி, நான்-ரிட்டர்ன் வால்வில் (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் வால்வு) மோதும். டங் என்று சுவர் அதிருமே, அந்தச் சத்தம்தான். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால், இரும்புக் குழாயில் 12 கிலோ அளவுக்கும் பிவிசியில் 4 கிலோ அளவுக்கும் ஒரு கணம் அழுத்தம் தாவும். ஏற்கெனவே இருக்கிற அழுத்தத்துக்கு மேல் இது. ஆகவே மோட்டார் குழாய்க்கு எப்போதும் ஒரு படி கனமான குழாய் போடுங்கள். அந்த டங் சத்தம் புதிதாகக் கேட்க ஆரம்பித்தால் நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிக்குப் போகிற குழாய் முனையில் வால்வே வேண்டாம், திறந்தபடி கொட்டட்டும்.

மூடிய இடத்தில் தண்ணீர் பெருக்கிற ஆபத்து நம் வீட்டிலும் ஒரு மூலையில் இருக்கிறது: கீசர். 30 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே பெருக்கும். சாதாரணமாக அது வந்த வழியே தொட்டிக்குத் திரும்பிவிடும். 'சுடுதண்ணீர் பின்னாடி ஏறுது' என்று யாராவது வரும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். கீசரில் இருக்கிற சின்ன சேஃப்டி வால்வு அதற்காகத்தான். அதில் எப்போதாவது சொட்டினால் 'லீக்' என்று நினைத்து அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அடைக்காதீர்கள். மாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால் அதன் காற்றுக் குழாயும் அப்படித்தான், திறந்தே இருக்க வேண்டும்.

ஆனால் பூட்டிய வீட்டை அதிகம் நனைப்பது நான் இதுவரை சொன்ன எதுவுமே இல்லை. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் கார்த்திகை மாதக் கடைசி. திருவாரூர் பக்கத்துக் கிராமம். வீட்டுக்காரர்கள் மகள் பிரசவத்துக்குச் சென்னை போய்ப் பத்து நாள். பக்கத்து வீட்டு அம்மா விடிகாலையில் போன் செய்து, "தம்பி, சீக்கிரம் வாப்பா, வாசப்படிக்கு அடியில தண்ணி வருது" என்றார். சாவி வாங்கித் திறந்தபோது முதலில் தெரிந்தது வாடைதான், நீராகாரம் இரண்டு நாள் புளித்த மாதிரி. கூடத்தில் கணுக்கால் தண்ணீர். சுவரோரம் குறுவை நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். அடிவரிசை மூட்டைகள் உப்பி, சாக்கின் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் வெள்ளை வெள்ளையாக வேர் வெளியே வந்திருந்தது. மேலே பச்சை முளை. நாற்றங்காலில் பார்க்க வேண்டியதைக் கூடத்தில் பார்த்தோம். அந்த வீட்டு அம்மா திரும்பி வந்து அந்த மூட்டைகளைத் தொட்டுப் பார்த்து நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

கழுவுத்தொட்டிக்கு அடியில் ஆங்கிள் காக்கிலிருந்து (சுவரில் இருக்கும் சின்ன வால்வு) குழாய்க்குப் போகும் கனெக்‌ஷன் பைப், அதன் பிளாஸ்டிக் நட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. நான் விரலால் தொட்டதும் ஒரு பாதி கையோடு வந்துவிட்டது. நூறு நூற்றைம்பது ரூபாய்ப் பொருள். தொட்டித் தண்ணீரோடு நின்றிருந்தால் ஆயிரம் லிட்டரோடு போயிருக்கும். அந்த வீட்டில் ஆட்டோமேட்டிக் மோட்டார். தொட்டி காலியானதும் தானே ஓடி நிரப்பியிருக்கிறது, மறுபடி காலி, மறுபடி ஓட்டம். நான்கைந்து நாள் இப்படியே ஓடியிருக்க வேண்டும்.

அதனால் சொல்கிறேன்: கனெக்‌ஷன் பைப்பில் பித்தளை நட்டு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அஞ்சு வருடத்துக்கு ஒருமுறை ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும் மாற்றுங்கள். கழிப்பறை ஹெல்த் பாசெட் (கழுவுகிற கைக்குழாய்) ஓஸ் அதைவிட மோசம். கைப்பிடியை விட்டதும் நுனி மூடிக்கொள்ளும், ஆனால் ஓஸுக்குள் தண்ணீர் இரவும் பகலும் அழுத்தத்தில் நிற்கிறது. வீட்டில் ஆள் இருந்தாலும் இரவு படுக்கும் முன் அதன் ஆங்கிள் காக்கை மூடிவிடுவது நல்ல பழக்கம்.

இனி ஊருக்குப் போகும் நாளில் செய்ய வேண்டியது. மோட்டார் ஆட்டோவில் இருந்தால் அணைத்து, மெயின் பெட்டியில் மோட்டாருக்குப் போகும் சுவிட்சையும் இறக்கிவிடுங்கள். மாடியேறித் தொட்டியின் வெளிப்போக்கு வால்வை மூடுங்கள். கீழே வந்து, வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் குழாயைத் திறந்து, வருவது நிற்கும்வரை விடுங்கள். பிறகு அதை மூடுங்கள். கீசர் சுவிட்சை அணையுங்கள், திரும்பி வந்து தண்ணீர் நிரம்பிய பிறகுதான் மறுபடி போட வேண்டும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். ஊராட்சிக் குழாய் அல்லது கூட்டுக் குடிநீர்க் குழாய் வீட்டுக்குள் நேராக வந்தால் அதற்கும் ஒரு வால்வு இருக்கும், அதையும் மூடுங்கள். செடிக்குத் தண்ணீர் விட வரும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வெளிக்குழாய் ஒன்றுக்கு மட்டும் தனி வால்வு வைத்துக் கொடுத்துவிட்டால் வீட்டு வால்வைத் திறக்க அவசியமே இருக்காது.

இதில் ஒரு சிக்கல் வரும். பத்து வருடம் தொடாத, சக்கரம் திருகி மூடுகிற கேட் வால்வை மூடப் போனால் திரும்பாது, அல்லது சக்கரம் மட்டும் கையோடு சுற்றும். மாதம் ஒருமுறை மூடித் திறந்தால் இது வராது. மாற்றுவதாக இருந்தால் கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினால் மூடுகிற பால் வால்வாகப் போடுங்கள். திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே தெரியும். வால்வு பிடித்துக்கொண்ட நேரத்தில் குழாய் பிளந்துவிட்டால் ஒரு கைவழி உண்டு: பழைய துணியை உருண்டையாகச் சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, நீளமான கயிற்றில் கட்டி, தொட்டிக்குள் வெளிப்போக்கு வாயில் வைத்து அழுத்துங்கள். தண்ணீரின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். கயிறு முக்கியம், இல்லையென்றால் துணி குழாய்க்குள் போய்விடும், பிறகு அது தனி வேலை.

குழாய் பிளந்ததைப் பார்த்ததும் என்ன வரிசை என்றால், முதலில் மோட்டார், அப்புறம் வால்வு. சுவர் ஊறி சுவிட்ச் பெட்டிப் பக்கம் ஈரம் தெரிந்தால் இவை இரண்டுக்கும் முன் மின்சார மெயின். மெயினே ஈரமான சுவரில் இருந்தால் தொடாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். தொட்டி வழிக் குழாயாக இருந்தால், பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, பிளந்த இடத்தில் இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே கட்டுகம்பி முறுக்கினால் இரண்டு நாள் தாங்கும். மோட்டார் குழாயில் இது நிற்காது, முயற்சி செய்ய வேண்டாம்.

நிரந்தர வேலை செய்யும்போது பிளம்பர் பக்கத்தில் நில்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் இரண்டு அங்குலமாவது சேர்த்து வெட்ட வேண்டும், கோடு கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும். குழாய்க்குள் ஈரம் இருக்கக் கூடாது. வெட்டின முனையில் பிசிறைச் சீவ வேண்டும். பிவிசிக்கு ஒரு சொல்யூஷன் (ஒட்டுப் பசை), சுடுதண்ணீர் தாங்கும் சிபிவிசிக்கு வேறு சொல்யூஷன். டப்பாவில் மிச்சம் இருக்கிறதே என்று ஒன்றுக்கு மற்றதைப் போடக் கூடாது. கெட்டியாகிப் போன பழைய சொல்யூஷனும் ஆகாது. செருகும்போது கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் குழாய் மெல்ல வெளியே தள்ளிக்கொள்ளும். ஒட்டின உடனே தண்ணீரைத் திறந்து 'பாருங்க, ஒழுகல' என்று காட்டுவார்கள். அவசரம் வேண்டாம், சொல்யூஷன் டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்தபின், எல்லாக் குழாயையும் மூடிவிட்டு இரவு தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. முதல் சந்தேகம் கழிப்பறை ஃபிளஷ் தொட்டி. அதில் ஒரு டம்ளர் காபி டிகாக்‌ஷனை ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். பீங்கானில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது.

புயலைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 அன்று கஜா கரை கடந்தபோது நாகப்பட்டினம், வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் மாடித் தொட்டிகள் பறந்ததைப் பார்த்தவர்கள் நாம். காலித் தொட்டிதான் முதலில் பறக்கும், பறக்கும்போது குழாயையும் பிடுங்கிக்கொண்டு போகும். ஊருக்குப் போகும்போது குழாயை வடியுங்கள் என்றேன், தொட்டியை வடிக்கச் சொல்லவில்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை தொட்டி நிறைந்தே இருக்கட்டும், வால்வு மூடியிருக்கட்டும். மூடியைக் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள், கொசுவுக்கும் நல்லது.

கடைசியாக, முழுக் குழாயையும் மாற்ற வேண்டுமா என்றீர்கள். வேண்டாம். வெயில் படாத இடத்தில், சுவருக்குள்ளே இருக்கும் குழாய் நன்றாகவே இருக்கும், அதற்காகச் சுவரை உடைக்க விடாதீர்கள். தொட்டி வெளிப்போக்கிலிருந்து சுவருக்குள் இறங்குகிற இடம் வரை, மொட்டை மாடியில் வெளியே தெரிகிற ஓட்டத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கூடவே வால்வைப் பால் வால்வாக மாற்றி, வால்வைத் தாண்டித் தொட்டி உயரத்துக்கு மேலே, குழாயை வடிக்கும்போது காற்று நுழைய, ஒரு காற்றுக் குழாய் நிறுத்தச் சொல்லுங்கள். கழுவுத்தொட்டி, கழிப்பறைக் கனெக்‌ஷன் பைப்புகளையும் அதே நாளில் மாற்றிவிடலாம். மாசி முடிவதற்குள் வேலையை முடித்துப் பெயின்டும் அடித்துவிட்டால், இந்தச் சித்திரை வெயிலுக்கே குழாய் தயாராக இருக்கும்.